கெண்டமா: கைக்கு முன்னால் காலைப் பழக்குங்கள்

கெண்டமா என்பது கயிற்றில் கட்டிய பந்தை இழுத்து, கைப்பிடிக் கட்டையின் கிண்ணத்திலோ கூர் முனையிலோ பிடிக்கும் ஜப்பானிய விளையாட்டு. அதை வாங்கிய புதிதில் எல்லோர் கண்ணும் கையிலும் பந்திலும்தான் இருக்கும். கிண்ணத்தில் விழுந்த பந்து தெறித்து ஓடினால் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. முட்டி வளையவில்லை என்பதுதான் விஷயம். முட்டி ஏன் வளையவில்லை என்று கேட்டால், பாதம் வைத்த விதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டி கீழிருந்து மேலே போகிறது: தரை, பாதம், முட்டி, இடுப்பு, கடைசியில்தான் கை.

முதலில் சாமானைப் பற்றி நாலு வரி. பந்துக்கு ஜப்பானில் தமா என்று பெயர். வழக்கமான அளவு 6 செ.மீ. விட்டம், அடியில் ஒரு பெரிய துளை. கைப்பிடிக் கட்டை கென். நீளம் சுமார் 16 செ.மீ. அதன் கூர் முனைதான் பந்தின் துளைக்குள் போவது. பக்கவாட்டில் பெரிய கிண்ணம் ஒன்று, சின்னக் கிண்ணம் ஒன்று. கட்டையின் அடியில் இன்னொரு கிண்ணம். ஜப்பானியர்கள் அதை நடுத்தரக் கிண்ணம் என்பார்கள், நமக்கு அடிக்கிண்ணம் என்றால் சட்டென்று புரியும். கயிறு 38 முதல் 40 செ.மீ. வரை. இன்று உலகம் முழுக்கப் பார்க்கும் இந்த வடிவம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிரோஷிமா பக்கத்து ஹட்சுகாய்ச்சியில் தயாராகத் தொடங்கியது. 2014 முதல் உலகக் கோப்பைப் போட்டி நடப்பதும் அதே ஊரில்தான். பிரெஞ்சுக்காரர்கள் பல நூற்றாண்டாக ஆடிய பில்பொக்கே இதன் உறவுக்கார விளையாட்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு இது ரொம்ப அந்நியமான சாமான் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

எங்கே நிற்பது

தொடக்கத்துக்கு ஏற்ற இடம் சமதளமான, காய்ந்த, சொரசொரப்பான தரை. கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் தரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கம் இருக்கும்.

மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். பந்தையே தரையில் வைத்து விட்டுப் பாருங்கள். உருளும் திசைதான் வாட்டம். அந்த வாட்டம் உங்களுக்குக் குறுக்கே இருக்கும்படி நின்றால் ஒரு கால் தாழ்ந்து, இடுப்பு சாய்ந்து, நேராக இழுத்த பந்தும் பக்கவாட்டில் போகும். அரை மணி நேரம் கையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மேடான பக்கத்தைப் பார்த்து நின்றால் இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும், தொல்லை இல்லை. தட்டோடு பதித்த மாடியானால் ஓட்டு இணைப்புகள் நேர்கோடாகக் கிடைக்கும்; பாதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அது பெரிய வசதி. சித்திரை வைகாசி வெயிலில் காலை 8 மணிக்கு மேல் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நடைபாதையும் நல்ல கெட்டித் தரை. சிக்கல் காற்றில். தொங்கும் பந்து கடல்காற்றில் ஊசலாடும். ஊசலாடும் பந்தை நேராக மேலே இழுக்க யாராலும் முடியாது. கடலைப் பார்த்து நிற்கத்தான் எல்லோருக்கும் ஆசை. பழகும்போது மட்டும் முதுகைக் கடலுக்குக் காட்டி நில்லுங்கள். உங்கள் உடம்பே காற்றை மறைக்கும், பந்து ஓரளவு அசையாமல் தொங்கும். பக்கவாட்டுக் காற்றுதான் மூன்றிலும் மோசம். கூட்டம் சேர்ந்த பிறகு அங்கே ஆட வேண்டாம். கையை நீட்டிக் கயிற்றையும் நீட்டினால் ஒன்றேகால் மீட்டர் தூரத்துக்குப் பந்து போகும், குறுக்கே ஓடும் குழந்தையின் தலை அதே உயரத்தில்தான் இருக்கும்.

கடலூர் சில்வர் பீச் மணல் பந்துக்கு நல்லது, அடிபட்டு நசுங்காது. காலுக்கு ஆகாது. முட்டியை வளைத்து எழும் ஒவ்வொரு முறையும் குதிகால் புதையும். எழும் விசையில் பாதி மணலுக்குள் போய்விடும். ஆட்டம் கைவந்த பிறகு ஒரு சவாலுக்காக மணலில் ஆடிப் பார்க்கலாம். அதுவரை மஞ்சக்குப்பம் மைதானம் போல இறுகிய மண்தரை எவ்வளவோ மேல்.

வீட்டுக்குள் என்றால் சிமெண்ட் தரை, பழைய சிவப்புத் தரை, மொசைக் எல்லாம் சரிதான். பளபளக்கும் டைல்ஸில் காலுறையோடு நிற்காதீர்கள். வெறுங்கால்தான் முதல் தேர்வு, ஏனென்றால் எடை விரலில் இருக்கிறதா குதிகாலில் இருக்கிறதா என்று பாதமே சொல்லிவிடும். ஷூ போட்டால் அடிப்பகுதி தட்டையாக, மெல்லியதாக இருக்கட்டும். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்: முட்டி வளையும்போது குதிகால் செருப்பின் ஓரத்துக்கு நழுவும், வார் நழுவாமல் இருக்க விரல்கள் தானாக இறுக்கும், இறுகிய விரலோடு முட்டி இளகாது.

பாதம் வைக்கும் அளவு

சாக்பீஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நேராக நின்று, இரண்டு கணுக்காலும் இரண்டு தோள்மூட்டுக்கு நேர் கீழே வருமாறு பாதங்களை வையுங்கள். பெரியவர்களுக்கு இடைவெளி பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. வரை இருக்கும். ஒரு அடி டைல் பதித்த தரையானால் ஒரு கட்டம் தாண்டிக் கால் வைத்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். விரல்நுனி லேசாக வெளிப்பக்கம் பார்க்கட்டும். முழுக்க இணையாக வைத்தால் சிலருக்கு முட்டி உள்பக்கம் சாயும்.

இப்போது கெண்டமா பிடிக்கும் கை எதுவோ அந்தப் பக்கத்துப் பாதத்தை முன்னால் நகர்த்துங்கள். வலதுகைக்காரருக்கு வலது கால். அரைப் பாத அளவு போதும். முன்பாதத்தின் குதிகால் பின்பாதத்தின் நடுப்பகுதிக்கு நேராக வந்தால் நிறுத்துங்கள். பாதங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். வாசலில் கோலமாவு இருந்தால் அதுவும் போதும்.

எதற்கு முன்கால்? அகலம் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும், நீளம் முன்பின் ஆட்டத்தைத் தாங்கும். கெண்டமாவில் கையும் பந்தும் உடம்புக்கு முன்னால் இருக்கின்றன. எனவே எடை எப்போதும் உங்களை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் அந்த இழுப்பைச் சமாளிக்க விரல்நுனி மட்டும்தான் மிச்சம். முன்பாதம் அரை அடி தள்ளி இருந்தால் உடம்பு அதன் மேல் சாய்ந்துகொள்ளும். ரொம்ப முன்னால் வைத்தாலும் தொல்லைதான். பின்குதிகால் தூக்கும், இடுப்பு திரும்பும், பந்து மூலைவாட்டில் போகும்.

எடை சரியாக இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. முட்டியை லேசாக வளைத்து நின்று பத்துக் கால்விரலையும் தரையிலிருந்து தூக்குங்கள். தூக்கவே முடியவில்லையா, எடை முன்னால் குவிந்திருக்கிறது. தூக்கியதும் பின்னால் சாய்கிறீர்களா, எடை குதிகாலில். தூக்கியும் அசையாமல் நிற்க முடிந்தால் எடை பாத நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆடத் தொடங்கும் முன்னும் இதைச் செய்யலாம், மூன்று வினாடிதான் ஆகும்.

முட்டி: இறங்கு, எழு, இறங்கு

கெண்டமாவை இன்னும் கையில் எடுக்க வேண்டாம். சுவரைப் பார்த்து, முன்விரல் நுனி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்குமாறு நில்லுங்கள். அப்படியே முட்டியை வளைத்து இடுப்பை 10 முதல் 15 செ.மீ. கீழே இறக்கி எழுங்கள். நெற்றி சுவரில் இடித்தால் நீங்கள் முட்டியை வளைக்கவில்லை, குனிகிறீர்கள். இரண்டும் வேறு வேறு. குனிந்தால் தலை முன்னால் போகும், தலையோடு கண்ணும் போகும், பந்து இருக்கும் தூரமே மாறிப்போகும். தலை லிஃப்ட் மாதிரி நேராக ஏறி இறங்க வேண்டும். குதிகால் இரண்டும் தரையை விட்டு எழக் கூடாது. இதைப் பத்துப் பத்தாக மூன்று சுற்று செய்தால் போதும்.

இழுக்கும் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் கால் செய்யும் வேலை மூன்று: இறங்கு, எழு, இறங்கு. முதல் இறக்கம் பந்துக்கு இடம் கொடுக்கிறது; கயிறு தளராமல் பந்தும் கூடவே கீழே வரும். எழும்போது பந்து நேராக மேலே கிளம்பும். கையை மட்டும் மடக்கி இழுத்தால் முழங்கையைச் சுற்றிக் கை வட்டமாகத்தான் நகரும். பந்தும் நெஞ்சை நோக்கி வளைந்து வரும். கிணற்றில் வாளியை நேராக மேலே இழுப்பது போலத்தான் இதுவும்: கயிறு சாய்ந்தால் வாளி சுவரில் இடிக்கும். கால் எழும்போது உடம்பு முழுதும் செங்குத்தாக எழுகிறது. கை அதன் கூடவே போனால் போதும், தனியாக ஒரு இழுப்பு தேவையில்லை.

மூன்றாவது வேலை பந்து விழும்போது மறுபடி இறங்குவது. புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பந்து கீழே வரும் வேகத்திலேயே கிண்ணமும் கீழே போனால் இரண்டுக்கும் இடையே மோதல் வேகம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். டொக் என்ற சத்தம் மெதுவாகக் கேட்கும், பந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டி விறைத்து நின்றால் மரத்தில் மரம் மோதும், தெறிக்கும். கிண்ணத்தைப் பந்தை நோக்கி மேலே தூக்கிக்கொண்டு போனால் இன்னும் பலமாகத் தெறிக்கும். சத்தத்தைக் கேளுங்கள். கண்ணைவிடக் காது இதில் நல்ல வாத்தியார்.

முட்டிவலி இருப்பவர்கள் 5 செ.மீ. இறங்கினால்கூட வேலை நடக்கும். பந்தை அதிக உயரம் இழுக்காமல், மெதுவாக ஆட வேண்டும், அவ்வளவுதான்.

பிடிக்காமல் இழுத்துப் பழகுதல்

இப்போது கெண்டமா. பெரிய கிண்ணம் மேலே பார்க்கப் பிடியுங்கள். கட்டையும் கிண்ணமும் சேரும் இடத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கவ்வ வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்துக்குள் போகும். கையைத் தொப்புள் உயரத்தில், வயிற்றிலிருந்து ஒரு சாண் முன்னால் வையுங்கள். பெரியவர்களுக்குப் பந்து முட்டி உயரத்தில் தொங்கும். முட்டி வளையும்போது பந்தில் இடித்தால் கை உடம்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது என்று அர்த்தம். சிறு குழந்தைகளுக்குப் பந்து தரையை உரசும். அவர்கள் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகட்டும், கயிற்றை வெட்டிச் சுருக்க வேண்டாம்.

பந்து ஊசலாட்டம் நிற்கும்வரை காத்திருங்கள். நிற்கவில்லை என்றால் மற்ற கையால் தொட்டு நிறுத்துங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு இறங்கி எழுந்து பந்தை நெஞ்சு உயரத்துக்கு இழுங்கள். பிடிக்காதீர்கள். கிண்ணத்தை ஓரமாக ஒதுக்கிப் பந்தை விழவிட்டு, அது எந்த வழியாகப் போய் எந்த வழியாக வந்தது என்று மட்டும் பாருங்கள்.

உங்களை நோக்கி வந்தால் முழங்கை இழுக்கிறது. முன்னால் விலகிப் போனால் எழும்போது எடை விரலுக்குப் போயிருக்கிறது, விரல்தூக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். இடமோ வலமோ போனால் ஒரு கால் மற்றதைவிட முன்னதாக எழுகிறது. தரையில் வாட்டம் இருக்கலாம், அல்லது முன்கால் மேலேயே முழு எடையும் இருக்கலாம். பந்து சுழன்றுகொண்டே மேலே வந்தால் மணிக்கட்டு சொடுக்குகிறது. தலைக்கு மேலே போனால் விசை அதிகம். இருபது இழுப்பில் பதினைந்து நேராக வரும்வரை இதிலேயே இருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும் கூர் முனை ஏறவில்லை என்று புலம்புகிறார்கள்.

பெரிய கிண்ணத்திலிருந்து முனைவரை

ஜப்பான் கெண்டமா சங்கம் 1975இல் தொடங்கியது. அதன் தேர்வு வரிசை 10ஆம் நிலையில் பெரிய கிண்ணத்தில் ஆரம்பித்து, சின்னக் கிண்ணம், அடிக்கிண்ணம், ரோசொகு, தொமேகென், ஹிகோகி, ஃபுரிகென், ஜப்பான் சுற்று, உலகச் சுற்று என்று ஏறி, முதல் நிலையில் தோதாயில் முடிகிறது. பெயர்கள் புதிதாக இருந்தால் கவலை வேண்டாம், ஒவ்வொன்றும் கீழே வரும். பழகுவதற்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது. ஒவ்வொரு படியும் காலிடம் முன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது.

பெரிய கிண்ணம்: பந்து நெஞ்சுக்கு வந்து ஒரு நொடி நின்று திரும்பும் இடத்தில் கிண்ணம் அதன் அடியில் போக வேண்டும். அங்கிருந்து பந்தோடு சேர்ந்தே இறங்குங்கள். பிடித்ததும் உடனே எழாதீர்கள். முட்டி வளைந்தபடியே ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு எழுங்கள். சின்னக் கிண்ணமும் அடிக்கிண்ணமும் அதே வேலைதான், இடம் குறைவு என்பதால் இறக்கம் இன்னும் மென்மையாக இருக்க வேண்டும்.

ரோசொகுவில் கட்டையைக் கூர் முனையில், பேனா பிடிப்பது போல மூன்று விரலால் பிடித்து, அடிக்கிண்ணத்தை மேலே காட்டுவீர்கள். விரல்நுனிப் பிடி என்பதால் கையால் அதிர்ச்சியைத் தாங்கவே முடியாது. முழுக்க முட்டிதான் தாங்க வேண்டும். முட்டி இறங்குகிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் இந்த ஆட்டத்தை ஆடச் சொல்லிப் பார்த்தால் போதும்.

தொமேகென் என்பது தொங்கும் பந்தை நேராக இழுத்து முனையில் செருகுவது. இங்கேதான் முதல் கட்டப் பயிற்சிக்குக் கூலி கிடைக்கும். பந்தின் துளை அடியில் இருக்கிறது. பந்து துளிகூடச் சாயாமல் ஏறினால்தான் இறங்கும்போதும் துளை கீழே பார்த்திருக்கும். முனையால் பந்தைக் குத்தப் போகாதீர்கள். பந்து உச்சிக்குப் போனதும் துளை தெரியும். முனையை அதன் கீழே வைத்துவிட்டு முட்டியை இறக்குங்கள், பந்து தானே வந்து அமரும். துளையைப் பார்க்க வேண்டும் என்று தலையை நீட்டுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். மனிதத் தலை 4, 5 கிலோ இருக்கும். அதை முன்னால் நீட்டினால் எடை பாத நடுவிலிருந்து விரலுக்குப் போய்விடும். தலையை அப்படியே வைத்துக்கொண்டு, பந்தைக் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரவழைத்தால் துளை தெரியும்.

கால் நகர்ந்து பிடித்தால் அது கணக்கில் சேராது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய்ப் பிடிப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இழுப்பில் இருக்கும் தப்பை அது மூடிவிடும். சாக்பீஸ் கோட்டுக்குள் பாதம் இருந்தபடி விழுந்த பந்து மட்டும்தான் எண்ணிக்கை.

மோஷிகாமே

பெரிய கிண்ணத்துக்கும் அடிக்கிண்ணத்துக்கும் மாறி மாறிப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஆட்டம் இது. ஜப்பானில் குழந்தைகள் முயல் ஆமைப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே இதை ஆடுவார்கள். நீங்கள் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம், தாளம் சீராக இருந்தால் சரி. இதற்கு மட்டும் முன்காலைப் பின்னால் எடுத்து இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் வையுங்கள். ஊஞ்சல் வீச்சு இல்லை, நேர் மேல்கீழ் ஓட்டம்தான். நூறு தட்டு, இருநூறு தட்டு என்று போகும்போது ஒரே காலில் எடை இருந்தால் அந்தத் தொடை சீக்கிரம் தளரும்.

பந்து கிண்ணத்துக்கு மேலே 10, 15 செ.மீ. எழுந்தால் போதும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்ன முட்டி அசைவு, இரண்டு மூன்று செ.மீ.தான். மேலே தள்ளுவது கால்; கையின் வேலை மணிக்கட்டைத் திருப்பிக் கிண்ணத்தை மாற்றுவது மட்டும். சற்று நேரம் ஆடிவிட்டுக் குனிந்து கோட்டைப் பாருங்கள். பாதங்கள் ஒரு சாண் முன்னால் போயிருக்கும். பந்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு அதன் பின்னாலேயே ஊர்ந்திருக்கிறீர்கள். கையை வயிற்றுக்கு இரண்டு விரற்கடை கிட்டக் கொண்டுவந்து மறுபடி தொடங்குங்கள். தொடை நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது. களைத்த முட்டி வளைவதை நிறுத்தும், அதற்குப் பிறகு ஆடுவதெல்லாம் தப்பான பழக்கத்தைத்தான் ஏற்றும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை தாராளம்.

வீசும் ஆட்டங்களுக்குக் கால் மாறும்

ஹிகோகியில் பந்தைக் கையில் பிடித்து, துளையை மேலே வைத்து, கட்டையைத் தொங்கவிட்டு முன்னால் வீசுவீர்கள். ஃபுரிகெனில் கட்டை கையில், பந்து வீச்சில். இரண்டிலும் விசை முன்பின்னாக ஓடுவதால் முன்காலை அரைப் பாதத்திலிருந்து முழுப் பாத அளவுக்கு நகர்த்துங்கள். முன்குதிகால் பின்விரல்நுனிக்கு நேராக வரட்டும். அகலம் அதேதான்.

மற்ற கையால் கட்டையை அல்லது பந்தை உடம்புப் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கி எறிய வேண்டாம், விட்டால் போதும். அது முன்னால் போகும்போது முட்டி இறங்க வேண்டும். எதிரே சற்று மேலேறும் நேரத்தில், முட்டி எழுவதோடு சேர்த்துத் தன்பக்கம் மெல்ல இழுத்தால் அது உங்களை நோக்கி ஒரு சுற்று சுழன்று வரும். வரும்போது கையை அதன் அடியில் கொண்டுபோய் மறுபடி இறங்கிப் பிடியுங்கள். வீச்சுக்கு ஒப்பாக இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டுவது வீண் வேலை. இடுப்பு நின்ற இடத்தில் நிற்கட்டும். இழுக்கும்போது பின்னால் சாய்ந்து பின்குதிகாலில் உட்கார்ந்தால் கட்டை முகத்துக்கு வரும். முனை உள்ள பொருள், எச்சரிக்கை. சின்னப் பிள்ளைகள் ஹிகோகி பழகும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சுழலாமல் நேராக வந்தால் இழுப்பு சீக்கிரம் வந்துவிட்டது. ஒன்றரைச் சுற்று சுற்றினால் இழுப்பு பலம். பத்துத் தடவைக்கு ஒரு தடவை தோளுக்கு வெளியே போனால் கையைக் குறை சொல்லும் முன் பாதத்தைப் பாருங்கள், முன்பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். வீச்சு முன்பாதம் காட்டும் திசையிலேயே போக விரும்பும்.

சுற்றுகளும் தோதாயும்

ஜப்பான் சுற்று: சின்னக் கிண்ணம், பெரிய கிண்ணம், முனை. உலகச் சுற்றில் பெரிய கிண்ணத்துக்கும் முனைக்கும் நடுவே அடிக்கிண்ணம் சேரும். இவற்றில் ஒவ்வொரு பிடிப்பின் இறக்கமும் அடுத்த தள்ளலின் தொடக்கம். பிடித்துவிட்டு நிமிர்ந்து நின்று, மறுபடி வளைந்து தள்ளுபவர்கள் மூன்றாவது படியில் தடுமாறுவார்கள். நிமிராதீர்கள், சுற்று முடியும்வரை முட்டி முழுசாக நீளவே கூடாது.

தோதாய் வேறு ரகம். பந்தைக் கையில் பிடித்து, தொங்கும் கட்டையை நேராக மேலே இழுத்து, அதன் அடிக்கிண்ணம் பந்தின் மேல் உட்காருமாறு நிறுத்தி, மூன்று எண்ணும்வரை விழாமல் வைக்க வேண்டும். கட்டை செங்குத்தாக எழ வேண்டும் என்பதால் இழுப்புக்கு முழுக்கக் கால்தான். கட்டை பந்தைத் தொடும் நேரத்தில் வழக்கத்தைவிட ஆழமாக, 20 செ.மீ. வரைகூட, இறங்க வேண்டியிருக்கும். இறங்கிய இடத்திலேயே அப்படியே நில்லுங்கள். மேலே எழுந்து காட்டிக்கொள்ள நினைத்தால் கட்டை சரியும். சரியத் தொடங்கினால் மணிக்கட்டால் சமன் செய்யப் போகாமல், கட்டை சாயும் பக்கமாகப் பந்தை விரற்கடை அளவு நகர்த்துங்கள். அந்த நகர்வும் கணுக்காலிலிருந்து வருவது நல்லது, தோளிலிருந்து வந்தால் அளவு மிஞ்சிவிடும். இழுத்து நிறுத்துவது வரவில்லை என்றால், மற்ற கையால் கட்டையைப் பந்தின் மேல் வைத்துவிட்டு முட்டி வளைந்த நிலையில் நிற்பதை மட்டும் முதலில் பழகலாம். பாதி ஆட்டம் அதிலேயே வந்துவிடும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மாடிக்குப் போக முடியாது, வீட்டுக்குள்தான் பயிற்சி. ஈரக்காலோடு மொசைக்கில் நிற்காதீர்கள். நழுவும் கால்மிதியின் மேலும் வேண்டாம். ஆட்டத்தின் நடுவே அது உங்களோடு சேர்ந்து நகரும். கை வியர்த்தால் பிடி நழுவும், நழுவாமல் இறுக்கிப் பிடித்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் முட்டியும் இறுகும். எனவே பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு பத்து இழுப்புக்கு ஒரு தடவை துடையுங்கள். கடலோர ஈரக்காற்றில் கயிறும் துளை விளிம்பில் உரசி உரசிச் சீக்கிரம் நைந்துபோகும். பிசிறு தெரிந்த உடனே மாற்றிவிடுங்கள். புதுக் கயிறு பழைய நீளத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பழகிய முட்டி இறக்கம் எல்லாம் கணக்குத் தப்பும். மின்விசிறிக்கு நேர் கீழே நின்று ஆடாதீர்கள்.